மேல் தட்டில் ஒரு வெள்ளைக் கவுன்

அண்ணியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், எங்கள் கடையில் சரக்கு எடுத்த வியாபாரப் பெரியோர்களுக்கும் வணக்கம். வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் மோர் குடித்துவிட்டு உட்காருங்கள், கட்டுரை கொஞ்சம் நீளம்.

அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதுகிறாளே என்று சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கே வந்தது. அண்ணன் மகள் வந்து கேட்டபோது, உங்கள் அப்பாவையே எழுதச் சொல் என்று தட்டிக்கழித்தேன். அப்பா பேனாவை எடுத்தாலே அழுகிறார் அத்தை என்றாள். எனக்கு அழுகையும் வரும், வாயும் வரும் என்பதால் ஒப்புக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்தில் நம் குடும்பமே சொல்லிச் சிரிக்கும் வெள்ளைக் கவுன் கதையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் செய்யக்கூடியவள் இன்றைக்கு நான் ஒருத்திதான். நாற்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்.

அண்ணி பிறந்தது ஏரியூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மழையை நம்பி நிலக்கடலையும் கேழ்வரகும் போடும் குடும்பம். ஐந்து பெண்களில் மூன்றாவது. பக்கத்துக் காட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் இருந்ததால் களையெடுக்கப் போன இடத்திலேயே கன்னடமும் கற்றுக்கொண்டார். பெரிய அக்காவுக்குத் தைத்த கவுன் வரிசையாக இறங்கி இவருக்கு வரும்போது கலர் போயிருக்குமாம். ஒவ்வொரு வருஷமும் கீழ் மடிப்பைப் பிரித்துவிட்டுப் பிரித்துவிட்டு, கவுன் ஓரத்தில் மூன்று கோடு விழுந்திருக்குமாம். இந்தக் கோடுகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கினார். டீச்சர் ட்ரெயினிங் போக ஆசை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, ட்ரெயினிங்குக்குப் பதிலாகக் கூலிக்குப் போனார். அதைப் பற்றி ஒரு நாளும் புலம்பி நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். அப்போது எங்கள் அப்பா தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரெடிமேட் மொத்தக் கடை வைத்திருந்தார். நாங்களும் காட்டு வேலைக்காரர்கள்தான். அப்பா சைக்கிளில் துணி மூட்டை கட்டிச் சந்தை சந்தையாக அலைந்து முன்னுக்குக் கொண்டுவந்த கடை அது. குழந்தைகள் கவுன், பாவாடை சட்டை, டிரவுசர் எல்லாம் பண்டலாகத்தான். ஒரு பண்டல் என்றால் சின்னதிலிருந்து பெரியது வரை எல்லா சைஸிலும் ஒவ்வொன்று. கம்பைநல்லூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் என்று சுற்றுவட்டச் சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து வாங்கிப் போவார்கள். பெங்களூர் போய்க் கொள்முதல் செய்வது அப்பாவும் அண்ணனும். பெண்கள் துணி உடுத்துவதோடு சரி, விற்கிற இடத்தில் அவர்களுக்கு வேலை இல்லை என்பது அப்பாவின் சட்டம். அம்மா முப்பது வருஷத்தில் கடைக்குள் நாலு தடவை போயிருந்தால் அதிகம்.

அண்ணி கடைக்குள் நுழைந்தது சாப்பாட்டுக் கேரியரோடு. அண்ணன் சாப்பிடும் நேரத்தில் சும்மா நிற்காமல் பண்டல்களைப் பிரித்துப் பார்ப்பார். ஒரு நாள் கம்பைநல்லூர்க் கடைக்காரர் ஒருவர் கைக்குழந்தை கவுன் பண்டலைத் தோளில் ஏற்றப் போகிற சமயம், அது வேண்டாங்க, கழுத்து சின்னதா இருக்குது, குழந்தைக்குத் தலை நுழையாது என்று சொல்லிவிட்டார். மொத்தக் கடையில் மருமகளே சரக்கை வேண்டாம் என்கிறாள். அப்பாவுக்கு வந்த கோபத்தில் வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. அடுத்த வாரம் அதே கடைக்காரர் வந்து, அந்தப் பொண்ணு இல்லீங்களா, அது பார்த்துச் சொன்னா எடுத்துக்கறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா வேறு வழியில்லாமல் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அதிலிருந்து கேரியர் கொண்டுபோகும் ஒரு மணி நேரம் இரண்டாகி, அப்புறம் மத்தியானம் முழுக்க ஆனது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. அப்பாவுக்கு முழங்கால் வலி, பெங்களூர் மொத்தக் கடைகளின் மாடிப்படி ஏற முடியாது. தீபாவளிச் சரக்குதான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. அண்ணிக்குக் கன்னடம் தெரியும், துணி தெரியும். அப்பா ஒரு முழு நாள் யோசித்துவிட்டு, எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"போயிட்டு வா. நீ எடுத்த சரக்கு ஓடுச்சுன்னா இனிமே கொள்முதல் உன்னுது. ஓடலைன்னா கடைப்படி ஏறக்கூடாது, வூட்டோட இருந்துக்கணும். சம்மதமா?"

அண்ணி சம்மதங்க மாமா என்றார். டீச்சர் ஆக முடியாமல் போனவருக்கு இது இரண்டாவது வாசல். மூன்றாவது வராது என்று அவருக்குத் தெரியும்.

பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா என்று அம்மா இழுத்ததால் துணைக்கு நான் போனேன். எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் ஒரு வருஷம் படித்திருந்தேன், வாரப் பத்திரிகை அட்டையெல்லாம் பார்ப்பேன், உலகத்து ஃபேஷன் முழுக்க என் கைக்குள் என்று நினைப்பு. விடிந்ததும் பஸ் ஏறினோம். சிக்பேட்டையில் ஒரு மாடிக் கடை. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை விரிப்பில் உட்கார வேண்டும், சேட்டு ஒவ்வொன்றாக விசிறிப் போடுவார். அண்ணி கன்னடத்தில் பேரம் பேசியதில் சேட்டுக்கே ஆச்சரியம், இரண்டாவது காபி வந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று அண்ணி எடுத்து வைத்துக்கொண்டே வந்தார்.

இதுவரை உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதற்கு அப்புறம் உங்களுக்குத் தெரிந்தது, அண்ணி ஒரு வெள்ளைக் கவுனைப் பார்த்து மயங்கி, எடுத்து வைத்த கலரில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளையாக அள்ளிக்கொண்டு வந்தார் என்பது. மயங்கியது அண்ணி இல்லை, நான்.

கழுத்தைச் சுற்றி லேஸ், பஃப் கை, இடுப்பில் வெள்ளை ரிப்பன். சேட்டு அதை விசிறிப் போட்டதும் இரண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டேன். நம் வீடுகளில் விசேஷம் என்றாலே வெள்ளைதானே. ஞானஸ்நானத்துக்கு வெள்ளை, பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை, கோயிலில் கல்யாணம் என்றால் வெள்ளை. வெள்ளை போடாத பண்டிகை ஒன்று உண்டு என்பதே என் மண்டையில் ஏறவில்லை. அண்ணியும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் அவர் ஊரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தீபாவளிப் பலகாரம் தின்று வளர்ந்தவர். அவர் இரண்டு தடவை சொன்னார், தீபாவளிக்கு வெள்ளை எடுக்க மாட்டாங்க பாப்பா, மஞ்சள் வைச்சுப் படைக்கற துணி, கலராத்தான் கேப்பாங்க என்று. இரண்டு தடவையும் நான் மறுத்தேன். மூன்றாவது தடவை அவர் வாயைத் திறந்தபோது நான் சொன்னது இது. எழுதவே கூசுகிறது.

"ஏரியூர்க்காரங்களுக்கு ஃபேஷன் என்ன தெரியும் அண்ணி? நான் சொல்றேன், எடுங்க."

மூன்று கோடு விழுந்த கவுன் போட்டு வளர்ந்தவரிடம் போய் நான் அதைச் சொன்னேன். அண்ணி சேட்டிடம் கலர்ப் பண்டல்களில் பாதியைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளையைக் கட்டச் சொன்னார்.

தீபாவளிக்கு ஒரு வெள்ளைப் பண்டல்கூட நகரவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிக் கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நல்ல நாளும் அதுவுமா இதை எங்கீங்க விக்கறது என்று கேட்டார். கலரெல்லாம் பத்து நாளில் தீர்ந்து, கலர் கேட்டு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் காலை அப்பா கடையில் எங்களைக் கூப்பிட்டார். சுவர் நெடுக வெள்ளைப் பண்டல். அதைக் காட்டி, இது யார் எடுத்தது என்று கேட்டார். நான் அண்ணிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பாவின் குரலை அறிந்தவர்களுக்கு என் பயம் புரியும், ஆனால் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. பயந்தேன், பேசவில்லை, அவ்வளவுதான்.

"நான்தாங்க மாமா எடுத்தேன்" என்றார் அண்ணி.

அப்பா, அப்படியென்றால் பேசியபடி வீட்டோடு இரு என்றார். அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. நான் எடுத்த சரக்கை நானே தீர்த்துக் கொடுத்துடறேங்க மாமா, இது தீர்ற வரைக்கும் மட்டும் கடைக்கு வர விடுங்க, தீர்ந்த அன்னிக்கு நானே நின்னுக்கறேன் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா பிடிவாதக்காரர், அநியாயக்காரர் இல்லை. சரி, கடைசிக் கவுன் தீர்ற வரைக்கும் என்றார்.

அப்போதுதான் அண்ணியின் உண்மையான தொழில் தொடங்கியது. மொத்தக் கடைக்காரர் கடையில் உட்கார்ந்திருப்பார், சில்லறைக் கடைக்காரர் தேடி வருவார், இதுதான் வழக்கம். அண்ணி அதைத் திருப்பிப் போட்டார். ஒரு கட்டைப் பையில் மாதிரிக் கவுன்களை வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி, ஒவ்வொரு சின்னக் கடைக்கும் போய் ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்துகொண்டார். எதை எடுக்கிறார்கள், எதை எடுத்துவிட்டு வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்று பார்ப்பதே வேலை. வயிற்றில் ஐந்து மாதக் குழந்தையோடு அரூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறார். அந்தக் குழந்தைதான் இப்போது கடையை நடத்துகிற என் அண்ணன் மகள்.

வெள்ளைக் கவுனுக்கு அண்ணி கண்டுபிடித்த ஆட்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வானதூதர் வேஷம் கட்டும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் போய்க் கொடுத்தார். புதுநன்மைக்குக் கொடுத்தார். கான்வென்ட் ஆண்டு விழாவில் அன்னப்பறவை நடனம் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய் நின்றார். ஒரு வருஷம் மாவட்டத்தில் எந்தக் கோயிலில் வானதூதர் பறந்தாலும் அது எங்கள் கடைச் சரக்குதான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது முக்கியம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மா, கவுன் ஒவ்வொன்றையும் உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டே வந்தாராம். என்னங்க பாக்கறீங்க என்று அண்ணி கேட்டதற்கு, அடுத்த வருசம் பிரிச்சு விடத் துணி இல்லையேம்மா என்றாராம். அண்ணி கடைசி பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் கிடைத்த வண்டியில் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பா, பெங்களூர்க்காரன் துணியை மிச்சம் பிடிச்சு அரை விரல் மடிப்பு வைச்சுத் தைக்கறான், நம்ம சனத்துக்கு மூணு விரல் மடிப்பு வேணும் என்றார். ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவருக்கு அது புரிய அரை நிமிஷம் போதும். எனக்கு ஒரு வாரம் ஆனது.

மூன்று விரல் மடிப்பு வைத்த கவுனை எந்தச் சேட்டும் தைத்துத் தர ஒப்பவில்லை. துணி வீண் என்றார்கள். அண்ணி எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருந்த மூன்று பெண்களைச் சேர்த்துத் தைக்க வைத்தார். அரக்கிலும் பச்சையிலும் அழுக்குத் தெரியாத கலராகப் பார்த்து, கழுத்தைப் பெரிதாக வைத்து, கீழே மடிப்பு விட்டு. அப்பா அதைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முன் வரிசை அலமாரியில் வைத்தார். எங்கள் அப்பாவிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை யாரும் வாங்கியதில்லை. அடுத்த தீபாவளிக்குக் கடைக்காரர்கள் மடிப்புக் கவுன் இருக்குதுங்களா என்று பெயர் சொல்லியே கேட்டு வந்தார்கள். எண்பதுகள் முடிவதற்குள் தைக்கும் பெண்கள் ஒரு கூடம் நிறைய இருந்தார்கள், பெங்களூர்க் கடைக்காரரே வந்து எங்களிடம் மாதிரி வாங்கிப் போனார்.

இதற்கு நடுவில் வெள்ளைக் கவுனும் தீர்ந்துகொண்டு வந்தது. பேச்சு பேச்சுதானே, தீர்ந்த அன்றைக்கு அண்ணி நின்றுகொள்ள வேண்டும். ஒரு நாள் புதுநன்மைக்கு ஒருவர் வந்து வெள்ளை கேட்டபோது, தீர்ந்துபோச்சுங்க என்று அண்ணி சொன்னார். அப்பா நிமிர்ந்து மேல் தட்டைப் பார்த்தார். அங்கே ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது. அண்ணி பார்க்காதது மாதிரி பண்டல் கட்டினார். அப்பாவும் பார்க்காதது மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளி முடிந்த மறுநாளும் அப்பா கேட்பார், அந்த ஒண்ணு இருக்குதா என்று. இருக்குதுங்க மாமா என்பார் அண்ணி. அப்ப சரி, தீர்ற வரைக்கும் வா என்பார் அப்பா. சாகிற வருஷம்வரை படுக்கையில் இருந்தபடியே கேட்டார். மாமனாரும் மருமகளும் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

எனக்கும் அண்ணிக்கும் நடுவில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. புது டிசைன் எது வந்தாலும் முதலில் என்னிடம் காட்டுவார். எனக்குக் கல்யாணமாகி ஓசூர் போன பிறகும் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், ஏரியூர்க்காரி எடுத்திருக்கிறாள், போகுமா என்று. முதல் தடவை அதைப் படித்தபோது முகம் சிவந்து அழுதுவிட்டேன். அப்புறம் அவர் குத்திக்காட்டவில்லை, விளையாடுகிறார் என்று புரிந்தது. போகும் அண்ணி, நல்லாவே போகும் என்று எழுதி அனுப்புவேன். அவர் எடுத்ததில் ஒன்றுகூட விற்றுப் போகாமல் இருந்ததில்லை.

கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகம் கெட்டு அண்ணி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அந்தக் கட்டிலிலும் நர்ஸ் பெண்ணின் சுடிதார் கையைப் பிடித்து, இந்தத் தையல் பிரியும் கண்ணு, இன்னொரு ஓட்டு ஓட்டிக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் வழக்கம்போல வெள்ளைக் கவுன் கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்தீர்கள். பேரப்பிள்ளைகள் வானதூதர் மாதிரி கையை விரித்துப் பறந்து காட்டினார்கள். அண்ணியும் சிரித்தார். விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போதே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணி என்றேன்.

"வேண்டாம் பாப்பா. அன்னிக்கே நீ சொல்லியிருந்தா மாமா உன்னை ரெண்டு திட்டுத் திட்டிட்டு விட்டிருப்பாரு. நான் எடுத்த கலர் ஓடுச்சுன்னு கடையிலயே உக்காந்திருப்பேன். ஊர் ஊரா பஸ் ஏறியிருப்பேனா? அந்தத் தப்பு என்னுதுதான். நான் போனதுக்கு அப்புறம் வேணும்னா நீ எடுத்துக்கோ."

எனக்கு இரக்கப்பட்டுச் சொன்ன பேச்சா, உண்மையாகவே நினைத்துச் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அடுத்த தவக்காலத்துக்குள் போய்விட்டார்.

அண்ணியைத் தன் தாய்போல வாரம் தவறாமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போன மருமகனுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். அடக்கத்தன்று தையல் கூடத்தை மூடிவிட்டு நடந்தே வந்த பெண்களையும், கம்பைநல்லூரிலிருந்து வந்து பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பழைய கடைக்காரரின் மகனையும் மறக்க மாட்டோம். சமைத்துப் போட்ட, தூக்கிவிட்ட, கூட இருந்து அழுத எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

போன தீபாவளி முடிந்த மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மகள் மேல் தட்டைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒண்ணு இருக்குதா என்று கேட்டேன். இருக்குது அத்தை என்று சொல்லிவிட்டுக் காகிதத்தோடு எடுத்து என் கையில் கொடுத்தாள். லேஸ் மஞ்சள் பூத்திருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், அரை விரல் மடிப்புதான். திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். யார் கேட்டாலும் அதை விற்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஏரியூர்க்காரி எடுத்ததெல்லாம் போய்விட்டது அண்ணி, நான் எடுத்ததில்தான் ஒன்று இன்னும் போகாமல் கிடக்கிறது. நீங்கள் சொன்னபடியே அந்தத் தப்பை இன்றைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். உறவுகளே, வரும் கிறிஸ்துமஸ் விருந்திலும் அந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் கையை விரித்துப் பறக்கட்டும். சிரிக்கும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.